கை, கால் அடிபட்ட குழந்தைக்கு எந்த வலி மருந்து, எத்தனை மி.லி.?

குழந்தையின் வயதை வைத்து வலி மருந்து கொடுக்கக் கூடாது. எடையை வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஐந்து வயதில் 14 கிலோ இருக்கும் பிள்ளையும் உண்டு, 24 கிலோ இருக்கும் பிள்ளையும் உண்டு. இருவருக்கும் ‘அஞ்சு எம்.எல். ஊத்துங்க’ என்று சொல்வதில்தான் பாதித் தவறு தொடங்குகிறது. அடிபடாத ஒரு நாளிலேயே எடை பார்த்து, மருந்துப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தினால் போதும். எடை தெரியாத நேரத்தில் ஒரு குத்துமதிப்பு இருக்கிறது: ஒன்று முதல் ஆறு வயது வரை, வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டுங்கள். ஐந்து வயதுக்கு 18 கிலோ வரும். ஒல்லியான பிள்ளை என்றால் அதிலும் இரண்டு கிலோ குறைத்துக்கொள்ளுங்கள்.

மரத்திலிருந்தோ சைக்கிளிலிருந்தோ விழுந்து கை, கால் வீங்கியிருக்கிறது, எலும்பு முறிந்திருக்கலாம் அல்லது சுளுக்காக இருக்கலாம் என்ற நிலைக்கானது இந்த வழிகாட்டி. தலையில் அடி, வாந்தி, மயக்கம், வயிற்றிலோ நெஞ்சிலோ அடி இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். தொடை எலும்பு வளைந்து தெரிந்தாலும், எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தாலும், விரல்கள் வெளுத்துச் சில்லென்று இருந்தாலும் அப்படியே. ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கை, கால் வீங்கியிருந்தால் வீட்டு வைத்தியத்துக்கே இடமில்லை.

மருந்துக்கு முன் மூன்று நிமிடம்

முதல் வலி நிவாரணி பாட்டிலில் இல்லை, அட்டைப் பெட்டியில் இருக்கிறது. முறிந்த எலும்பின் முனைகள் அசைந்து சதையில் உரசும்போதுதான் குழந்தை வீறிடுகிறது. அசைவு நின்றால் வலியில் பெரும்பங்கு நிற்கும். தடித்த அட்டையையோ, சுருட்டி நூல் கட்டிய நாலைந்து நாளிதழ்களையோ எடுத்து, அடிபட்ட இடத்துக்கு மேலே ஒரு மூட்டு, கீழே ஒரு மூட்டு அடங்கும் நீளத்தில் வைத்து, உள்ளே பழைய பருத்தித் துணி மடித்து, துண்டால் கட்டுங்கள். கட்டு அடிபட்ட இடத்தின் மேலேயே விழக் கூடாது. அதற்கு இருபுறமும் விழ வேண்டும். உங்கள் சுண்டுவிரல் கட்டுக்குள் நுழையும் தளர்வு இருக்கட்டும். முன்கை என்றால் ஒரு துண்டைக் கழுத்தில் மாட்டிக் கையைத் தொங்கவிடலாம். வளைந்திருந்தால் வளைந்தபடியே கட்டுங்கள், நிமிர்த்த வேண்டாம்.

கட்டுவதற்கு முன்பே வளையல், மோதிரம், கொலுசு, மணிக்கட்டில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கோயில் கயிறாயிற்றே என்று தயங்குவார்கள். அரை மணியில் வீக்கம் ஏறியபின் அதே கயிறு தோலுக்குள் புதைந்துவிடும், வெட்டுவதும் கடினம்.

ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள், நேரடியாகத் தோலில் வேண்டாம். உருவி விடுவதும் எண்ணெய் தேய்ப்பதும் கூடாது. முழங்கைக்கு மேலே முறிந்த எலும்பின் முனை கூராக இருக்கும். அதன் எதிரிலேயே கைக்குப் போகும் இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. சுளுக்கு எடுக்கிறேன் என்று இழுத்தால் என்ன கிழியும் என்பது எக்ஸ்ரே பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. காயம் இருந்தால் சுத்தத் துணியால் மூடுங்கள். மஞ்சள்தூளும் காப்பித்தூளும் சமையலறையிலேயே இருக்கட்டும்.

முதலில் ஐபுப்ரூஃபென்

காய்ச்சலுக்குப் பழகிய கை தானாகப் பாராசிட்டமாலைத்தான் எடுக்கும். கை, கால் அடிக்கு அதைவிட ஐபுப்ரூஃபென் பொருத்தமானது. காரணம் எளிது: அடிபட்ட திசுவில் வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதை அது அந்த இடத்திலேயே தடுக்கிறது. பாராசிட்டமால் பெரும்பாலும் மூளை, தண்டுவட மட்டத்தில் வேலை செய்கிறது, வீக்கத்தை அதிகம் தொடுவதில்லை. 2007-இல் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்றில், அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வந்த 6 முதல் 17 வயது வரையிலான 300 குழந்தைகளுக்கு இந்த இரண்டையும், கூடவே கோடீன் என்ற அபின் வகை வலி மருந்தையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கு இத்தனை என்ற வலி அளவில் ஐபுப்ரூஃபென் 24 புள்ளிகளைக் குறைத்தது. பாராசிட்டமால் 12, கோடீன் 11. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஐபுப்ரூஃபென் வாங்கிய குழந்தைகளிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் வலி தாங்கும் அளவுக்கு இறங்கியது. அட்டை வைத்துக் கட்டுவதை மருந்துக்கு முன்னால் சொன்னது இதனால்தான்.

அளவு: ஒரு கிலோ எடைக்கு 10 மி.கி. கடையில் கிடைக்கும் சாதாரண ஐபுப்ரூஃபென் சிரப்பில் 5 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும். ஆகவே கணக்கு சுலபம், எடையில் பாதிதான் மி.லி. 12 கிலோவுக்கு 6 மி.லி., 18 கிலோவுக்கு 9 மி.லி., 24 கிலோவுக்கு 12 மி.லி. ஒரு வேளைக்கு 400 மி.கி.யைத் தாண்ட வேண்டாம். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளில் மூன்று வேளை. பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், மருந்து அடியில் தங்கும். குலுக்காமல் ஊற்றினால் முதல் வாரம் தண்ணீரும் கடைசி நாள் கூழுமாக வரும்.

கடையில் கேட்கும்போது ஓர் எச்சரிக்கை. ஐபுப்ரூஃபெனின் வணிகப் பெயரான இபுஜெசிக் என்று கேட்டால் இபுஜெசிக் ப்ளஸ் கைக்கு வரலாம். ‘ப்ளஸ்’ என்றால் உள்ளே பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கிறது. காம்பிஃப்ளாம் சிரப்பும் அப்படியே. இத்தகைய கலவைகளில் 5 மி.லி.க்கு ஐபுப்ரூஃபென் 100 மி.கி., பாராசிட்டமால் 125 அல்லது 162.5 மி.கி. இருக்கும். கலவை விஷமல்ல. அதைக் கொடுத்துவிட்டு, வலி குறையவில்லையே என்று மேலே பாராசிட்டமாலும் ஊற்றுவதுதான் ஆபத்து. அளவு சத்தமில்லாமல் இரட்டிப்பாகும். தனித்தனி பாட்டிலாக வைத்திருந்தால் எதை எப்போது கொடுத்தோம் என்பது கண்ணுக்குத் தெரியும். பெயரை விட்டுவிட்டு லேபிளின் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

ஐபுப்ரூஃபென் கொடுக்கக் கூடாத நேரம்

ஐப்பசி, கார்த்திகையில் கடலூரிலும் புதுச்சேரியிலும் மழையோடு டெங்குவும் வரும். அடிபட்ட குழந்தைக்குக் காய்ச்சலும் இருந்தால், அல்லது கடந்த இரண்டு மூன்று நாளில் இருந்திருந்தால், ஐபுப்ரூஃபெனைத் தொடாதீர்கள். டெங்குவில் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். அதோடு இந்த மருந்து தட்டணுக்களின் ஒட்டும் திறனையும் குறைத்து, வயிற்றின் உள்தோலையும் புண்ணாக்கினால் இரத்தக் கசிவுக்கு வழியாகும். அப்போது பாராசிட்டமால் மட்டும்தான்.

வாந்தி பேதியில் உடம்பு வற்றிய குழந்தைக்கும், கத்திரி வெயிலில் பகலெல்லாம் விளையாடிவிட்டு நெடுநேரம் சிறுநீர் போகாத பிள்ளைக்கும் வேண்டாம். சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். சின்னம்மை போட்டிருந்தால் வேண்டாம். சிறுநீரக நோய், இரத்தம் உறையாத நோய், வயிற்றுப்புண், இதற்கு முன் இந்த வகை மருந்தால் மூச்சிரைப்போ தடிப்போ வந்திருந்தால் வேண்டாம். ஆஸ்துமா இருக்கும் எல்லாக் குழந்தைக்கும் தடையில்லை. முன்பு சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவர்கள் சாப்பிடலாம். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு வீட்டில் கொடுக்கவே கூடாது.

பாராசிட்டமால்: எந்த பாட்டில் என்பதுதான் கேள்வி

அளவு கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளில் நான்கு வேளைக்கு மேல் போகாது. சிக்கல் பாட்டிலில். ஒரே மருந்து கடையில் மூன்று செறிவில் இருக்கிறது: 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி., 5 மி.லி.க்கு 240 அல்லது 250 மி.கி., கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மி.லி.க்கே 100 மி.கி.

18 கிலோ குழந்தைக்கு வேண்டியது 270 மி.கி. 250 உள்ள சிரப்பில் இது 5.4 மி.லி.; ஐந்து மி.லி. ஊற்றினாலும் குறையில்லை. 120 உள்ள சிரப்பிலோ அது 11 மி.லி. அதிலும் ஐந்து மி.லி. ஊற்றினால் பாதிக்கும் குறைவான மருந்துதான் போகிறது. ‘சிரப் கொடுத்தேன், கேக்கவே இல்ல’ என்ற புகாரில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். எதிர்த்திசைத் தவறு இதைவிட மோசம். சொட்டு மருந்து பாட்டிலைச் சிரப் என்று நினைத்து 10 கிலோ குழந்தைக்கு 5 மி.லி. கொடுத்தால் உள்ளே போவது 500 மி.கி.; வேண்டியது 150. இப்படி ஓரிரு நாள் தொடர்ந்தால் கல்லீரல் தாங்காது. சளி மருந்துகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

சமையலறைக் கரண்டி, டீ ஸ்பூன் எதுவும் அளவுகோல் அல்ல. ஊசி இல்லாத 5 அல்லது 10 மி.லி. சிரிஞ்சை மருந்துக்கடையில் வாங்கி வையுங்கள். மருந்தை நாக்கின் நடுவில் பீய்ச்சாமல், கன்னத்தின் உள்பக்கம் மெல்லத் தள்ளினால் துப்பாது, புரையேறாது. கொடுத்த கால் மணிக்குள் மருந்தாகவே வாந்தி எடுத்தால் ஒருமுறை மறுபடி கொடுக்கலாம். அரை மணி கடந்திருந்தால் அடுத்த வேளைவரை பொறுங்கள்.

மாத்திரை விழுங்கும் பிள்ளை என்றால் 500 மி.கி. பாராசிட்டமால் சுமார் 33 கிலோவிலிருந்துதான், 650 சுமார் 43 கிலோவிலிருந்துதான். பெரியவர்கள் மாத்திரையைக் குத்துமதிப்பாகக் கால் கால் ஆக உடைத்துக் கொடுப்பது மருந்து கொடுப்பதில் சேராது.

அலமாரியில் இருக்கும் மற்றவை

மெஃபெனமிக் அமிலம், மெஃப்டால்-பி என்ற பெயரில் பல வீடுகளில் இருக்கும். ஐபுப்ரூஃபெனின் உறவுதான், அதே தடைகள் இதற்கும் பொருந்தும். அரிதாக உடல் முழுவதும் தடிப்பும் காய்ச்சலுமாய் உள்ளுறுப்புகளையும் தாக்கும் ஒவ்வாமை பற்றி இந்திய மருந்துநூல் ஆணையம் 2023-இல் எச்சரித்தது. இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கக் கூடாது. ஐபுப்ரூஃபென் இருக்கும்போது இதைத் தேட வேண்டிய தேவையும் இல்லை.

நிமிசுலைடு 12 வயதுக்குக் கீழே 2011 முதல் இந்தியாவில் தடை. ஆஸ்பிரின், ரைஸ் நோய்க்குறி என்ற மூளை, கல்லீரல் பாதிப்பின் அச்சத்தால் குழந்தைகளுக்கு வலிக்காகக் கொடுப்பதில்லை. அசெக்லோஃபெனாக் கலந்த மாத்திரைகள் பெரியவர்களுக்கானவை.

‘ஊசி போட்டாத்தான் கேக்கும்’ என்ற நம்பிக்கைக்கு இரையாகும் டைக்ளோஃபெனாக் இடுப்பு ஊசியைச் சிறு குழந்தைக்குக் கேட்டு வாங்காதீர்கள். வாயால் விழுங்க முடிகிற பிள்ளைக்கு அதனால் கூடுதல் லாபமில்லை. குத்தும் வலி, சீழ்க்கட்டி, நரம்பில் படும் ஆபத்து ஆகியவைதான் கூடுதல்.

கோடீனும் அதன் இனமான டிரமடாலும் தனி வகை. இவை உடம்புக்குள் போய் வேறொரு பொருளாக மாறினால்தான் முழு வேலையும் செய்யும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி சிலருக்குப் பரம்பரையாகவே மிக வேகம். அத்தகைய குழந்தைக்குச் சாதாரண அளவே மூச்சை அடக்கிவிடலாம். நொதி மந்தமான குழந்தைக்கு வலியே குறையாது. எந்தக் குழந்தை எது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 12 வயதுக்குக் கீழே இரண்டையும் கொடுக்கக் கூடாது என்றது. தாத்தாவின் முதுகுவலி மாத்திரையில் டிரமடால் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ஃபின் ஐபுப்ரூஃபெனைவிடப் பலமானதாயிற்றே என்று தோன்றும். எலும்பு முறிந்த 134 குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பும்போது பாதிப் பேருக்கு வாய்வழி மார்ஃபினும் மற்றவர்களுக்கு ஐபுப்ரூஃபெனும் கொடுத்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், வலி குறைந்ததில் வித்தியாசம் தென்படவில்லை. வாந்தி, தூக்கக் கலக்கம் போன்ற தொல்லை மார்ஃபின் பக்கம்தான் அதிகம். மார்ஃபின் பயனற்றது என்பதல்ல இதன் பொருள். வீட்டில் அதற்கு இடமில்லை, மருத்துவமனையில் உண்டு.

கிளம்புமுன் கொடுங்கள்

‘டாக்டர் பார்க்கிறதுக்கு முன்னாடி வலி மருந்து கொடுத்தா நோய் மறைஞ்சிடும்’ என்பது பழைய பயம். எலும்பு முறிவை எக்ஸ்ரே காட்டும், வலி மருந்து அதை அழிக்காது. வலி அடங்கிய குழந்தைதான் கையைத் தொட விடும், பரிசோதனையும் சரியாக நடக்கும். ஐபுப்ரூஃபென் வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். கடலூரிலிருந்து புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகவும் ஏறக்குறைய அதே நேரம்தான் பிடிக்கும். வாசலிலேயே கொடுத்துவிட்டுக் கிளம்பினால் எக்ஸ்ரே மேசையில் படுக்கும்போது மருந்து வேலையைத் தொடங்கியிருக்கும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரி இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி என்று எது அருகோ அங்கே போகலாம். ஓர் எலும்பு முறிவைப் பார்க்க முதலில் எல்லை தாண்ட வேண்டிய அவசியமில்லை.

ஆனால் மருந்தோடு வேறெதுவும் வேண்டாம். எலும்பை மயக்கம் கொடுத்துப் பொருத்த வேண்டியிருக்கலாம். பால், பிஸ்கட், வழியில் வாங்கிய இட்லி இவையெல்லாம் வயிற்றில் இருந்தால் மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குப் போகும் ஆபத்தால், மருத்துவர் ஆறு மணி நேரம்கூடக் காத்திருப்பார். அழுகையை நிறுத்த வாங்கித் தரும் ஒரு பிஸ்கட், வலியோடு காத்திருக்கும் நேரத்தை நீட்டிவிடும். மருந்தை ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுப்பதில் தவறில்லை. வெறும் வயிற்றில் ஐபுப்ரூஃபென் ஒரு வேளை போவதால் புண் வந்துவிடாது. மருந்தின் பெயர், மி.லி., கொடுத்த நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம் ஆகிய நான்கையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

அங்கே போனபின் குழந்தை இன்னும் துடித்தால் வாய்விட்டுக் கேளுங்கள். மூக்கில் தெளிக்கும் ‘ஃபென்டனில்’ என்ற பலமான வலி மருந்து சில நிமிடங்களிலேயே பிடிக்கும். நரம்பு வழி மார்ஃபின், எலும்பைப் பொருத்தும்போது கெட்டமின் மயக்கம், தொடை முறிவுக்கு நரம்பைச் சுற்றிப் போடும் மரப்பு ஊசி இவையெல்லாம் உண்டு. எல்லா இடத்திலும் எல்லாம் இராது. கேட்டால்தான் எது இருக்கிறது என்று தெரியும்.

ஒரு மணி நேரம் கழித்து

வலியைக் குழந்தையிடமே கேளுங்கள். ஐந்து வயதுக்கு மேல் ‘பத்து விரல்ல எத்தனை விரல் வலி?’ என்றால் சொல்லும். அதற்கும் சிறியதென்றால் முகச்சுளிப்பு, காலை உதைப்பது, அழுகை, தூக்கினால் அடங்குகிறதா என்று பாருங்கள். ஐபுப்ரூஃபென் கொடுத்து ஒரு மணி நேரம் ஆகியும் பாதிகூடக் குறையவில்லை என்றால் பாராசிட்டமாலை மேலே கொடுக்கலாம். இரண்டும் வேறு வழியில் வேலை செய்வதால் மோதாது.

சரியான அளவில் இரண்டும் போய், அட்டையும் கட்டி, கையையும் உயர்த்தி வைத்தபின் வலி ஏறிக்கொண்டே போகிறதா? அப்போது அடுத்த மருந்தைத் தேடாதீர்கள். முன்கையிலும் கெண்டைக்காலிலும் சதைகள் இறுக்கமான உறைக்குள் அடைபட்டிருக்கின்றன. உள்ளே இரத்தமும் வீக்கமும் சேர்ந்து அழுத்தம் கூடினால் இரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் சதை செத்துப்போகும். இறுக்கிக் கட்டிய எந்தக் கட்டும், நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து நெருக்கியதானாலும் மருத்துவமனை மாவுக்கட்டானாலும், அழுத்தத்தைக் கூட்டும். தவறவிட்டால் விரல்கள் மடங்கியபடியே நிலைத்துவிடும் கை மிஞ்சும்.

குழந்தை ‘அழுத்தம்’ என்று சொல்லாது. நிலைகொள்ளாமல் புரளும், தூங்காது, முன்பைவிட அடிக்கடி மருந்து கேட்கும். இதுதான் முதல் அடையாளம். விரல்களை நீங்கள் மெல்ல நீட்டிவிட்டுப் பாருங்கள். அப்போது அலறினால் சந்தேகம் உறுதி. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். முழங்கை அடி என்றால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள்; வட்டம் தட்டையாகிவிட்டால் நரம்பு பாதித்திருக்கலாம். விரல் வெளுப்பதும் மரத்துப்போவதும் கடைசியில் வரும், அதுவரை காத்திருக்காதீர்கள். மாவுக்கட்டு போட்ட இரவு இப்படி ஆனால் காலை புறநோயாளிச் சீட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவில் கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள், பிரித்துவிட்டுத்தான் மற்றது.

இதற்கு நேரெதிரான சிறு விஷயம் ஒன்று. ஒன்றிலிருந்து நான்கு வயதுப் பிள்ளையைச் சாலை கடக்கும்போது கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தபின் அது கையைத் தூக்காமல் தொங்கவிட்டு நிற்கும். வீக்கம் இருக்காது. முழங்கையில் ஓர் எலும்பின் முனை சற்று நழுவியிருக்கும். எந்தச் சிரப்பும் அதற்குப் பயனில்லை. மருத்துவர் ஒரு திருப்புத் திருப்பினால் சில நிமிடத்தில் அந்தக் கையாலேயே மிட்டாய் வாங்கும். கீழே விழுந்திருந்தால் மட்டும் எக்ஸ்ரே இல்லாமல் திருப்ப விடாதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின்

முதல் இரண்டு நாள், வலித்தால் கொடுப்போம் என்று இருக்காதீர்கள். நேரம் பார்த்துக் கொடுங்கள். ஏறிய வலியை இறக்குவதைவிட ஏறாமல் பார்ப்பதற்குக் குறைந்த மருந்தே போதும். காலை 7 மணிக்கு ஐபுப்ரூஃபென், 11-க்குப் பாராசிட்டமால், 3-க்கு ஐபுப்ரூஃபென், இரவு 7-க்குப் பாராசிட்டமால், 11-க்கு ஐபுப்ரூஃபென். இந்தக் கணக்கில் எந்த மருந்தும் எட்டு மணி நேரத்துக்கு முன் திரும்ப வராது. ஐபுப்ரூஃபெனைச் சாப்பாட்டுக்குப்பின் அல்லது பாலோடு கொடுங்கள். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் தாளிலேயே நேரத்தையும் மருந்தின் முதல் எழுத்தையும் குறியுங்கள். அம்மா கொடுத்ததை அறியாமல் பாட்டி மறுபடி ஊற்றுவது அதோடு நிற்கும்.

கையோ காலோ நெஞ்சு மட்டத்துக்கு மேலே தலையணையில் இருக்கட்டும். மூன்றாம் நாள் முதல் ஐபுப்ரூஃபெனை விட்டுப் பாருங்கள், இரவில் மட்டும் தேவைப்படலாம். ஐந்து நாளைக்கு மேல் தொடர வேண்டியிருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் தொடராதீர்கள். இடையில் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் அன்றே ஐபுப்ரூஃபெனை நிறுத்துங்கள். ஐபுப்ரூஃபென் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்று பயமுறுத்துவார்கள். குழந்தைகளுக்குச் சில நாள் கொடுப்பதால் அப்படி நடப்பதாகத் தெரியவில்லை.

இந்தச் சிரப்புகள் ஆரஞ்சு, ஸ்ட்ராபெர்ரி சுவையில் வருகின்றன. கட்டுப் போட்ட பிள்ளைக்குக் கை எட்டாது என்றாலும் தம்பிக்கு எட்டும். பாட்டிலை அலமாரியின் மேல் தட்டில் ஏற்றிவிடுங்கள்.